கார் பந்தயம் ஒரு விளையாட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சில வருஷம் தன்னார்வ மார்ஷலாக நின்றிருக்கிறேன். வளைவு ஓரத்தில் கொடி பிடிப்பது, கார் நின்றுபோனால் ஓடிப்போய்த் தள்ளுவது, தீயணைப்பு உருளையோடு தயாராக இருப்பது, இதுதான் வேலை. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் சொந்தக்காரர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று ஆரம்பிப்பார்கள். இலை போட்டு முடிப்பதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பதில் என்ன விளையாட்டு இருக்கிறது?

நம்மில் பல பேருக்குக் கார் ஓட்டத் தெரியும். அதுதான் இந்தக் கேள்விக்கே காரணம். தாம்பரத்தில் ஏறித் திண்டிவனத்தில் இறங்கினால் இடுப்பு கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், ஒரு காபி குடித்தால் சரியாகிவிடும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் ரேஸையும் எடைபோடுகிறோம். நூறு மீட்டர் ஓட்டத்தைப் பார்க்கும்போது நம்மால் அப்படி ஓட முடியாது என்று உடனே புரிந்துவிடுகிறது. ரேஸ் ஓட்டுகிறவர் செய்வது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஹெல்மெட்டுக்குள்ளே, பெல்ட்டுக்குக் கீழே, காருக்குள்ளே எல்லாம் மறைந்துகிடக்கிறது.

உட்கார்ந்து செய்வது விளையாட்டு ஆகாது என்றால், சதுரங்கத்தை என்ன செய்வது? இந்தியாவின் முதல் கேல் ரத்னா விருதே விஸ்வநாதன் ஆனந்துக்குத்தான் போனது. கேரம் ஆடிய நம் மரிய இருதயத்துக்கு 1996-இல் அர்ஜுனா விருது கொடுத்தார்கள். அசையாமல் நின்று சுட்ட அபினவ் பிந்த்ரா 2008-இல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிவந்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. பயிற்சியால் வளர்கிற ஒரு திறமை வேண்டும், எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே விதி வேண்டும், முடிவு களத்திலே தீரவேண்டும். எனக்குத் தெரிந்த அளவுகோல் இவ்வளவுதான். உடம்பு வருந்தவேண்டும் என்று இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாலும் கார் பந்தயம் தாராளமாகத் தேறும்.

அப்படி உடம்புக்கு என்ன வேலை?

கழுத்திலிருந்து ஆரம்பிப்போம். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறு கிலோவுக்கு மேல் வரும். கார் பந்தயத்தின் உச்சமான ஃபார்முலா ஒன்னில், கார் வேகமான வளைவில் திரும்பும்போது புவியீர்ப்பைப் போல ஐந்து மடங்கு விசை பக்கவாட்டில் இழுக்கிறது. அந்த ஆறு கிலோ அப்போது முப்பது கிலோவாகிவிடும். ஒரு மூட்டை சிமெண்டில் பாதிக்கும் மேலே ஒரு காதுப் பக்கம் கட்டித் தொங்கவிட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாங்கிக்கொண்டு தலை நேராக நிற்கவேண்டும், கண் அடுத்த வளைவைப் பார்க்கவேண்டும். ஒரு சுற்றுக்குப் பத்துப் பதினைந்து வளைவு, ஐம்பது அறுபது சுற்று. ரேஸ் ஓட்டுகிறவர்களின் கழுத்து முகத்தைவிட அகலமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அடுத்து பிரேக். நம் காரில் கட்டைவிரலை ஊன்றினால் போதும். அந்தக் காரில் ஒவ்வொரு பெரிய பிரேக்குக்கும் நூறு கிலோ அளவுக்குக் காலால் அழுத்தவேண்டும். அதையும் மொத்தமாக மிதித்துவிட்டு நிற்க முடியாது. வேகம் குறையக் குறைய காற்றின் அழுத்தம் குறையும், டயரின் பிடிப்பு குறையும், அதற்கேற்பக் காலை மயிரிழை மயிரிழையாக விடவேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு புகை கிளம்பும். அந்த அழுத்தமும் அந்த நுணுக்கமும் ஒரே காலில், ஒரே விநாடியில் நடக்கிறது. இதயம் நிமிடத்துக்கு 150, 160 என்று ஒன்றரை மணி நேரம் அடித்துக்கொண்டே இருக்கும். சிங்கப்பூர் மாதிரிப் புழுக்கமான ஊரில் ஒரே பந்தயத்தில் இரண்டு மூன்று கிலோ வியர்வையாகப் போய்விடும்.

2023 அக்டோபரில் கத்தாரில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயம் இதற்கு நல்ல சாட்சி. டயர்கள் தாங்குமா என்ற பயத்தில் ஒரு செட் டயரை 18 சுற்றுக்கு மேல் ஓட்டக்கூடாது என்று விதி போட்டார்கள். டயரை மிச்சம்பிடிக்கும் தேவையே இல்லாமல் போனதால் 57 சுற்றும் முழு வேகத்தில் ஓட்டினார்கள். இரவு நேரம்தான், ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்து கொன்றுவிட்டது. எஸ்டபான் ஒகான் நடுப் பந்தயத்தில் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார். நிறுத்தவில்லை, ஏழாவதாக வந்து முடித்தார். லோகன் சார்ஜெண்ட் முடியாமல் விலகினார். லான்ஸ் ஸ்ட்ரோல் வளைவுகளில் கண் இருட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். அலெக்ஸ் ஆல்பனை மருத்துவ மையத்துக்குக் கொண்டுபோனார்கள். இதற்குப் பிறகுதான் குளிர்ந்த திரவம் ஓடுகிற உள்சட்டையைக் கொண்டுவந்தார்கள்.

பழைய கதை ஒன்றும் உண்டு. 1991-இல் பிரேசில் ஓட்டுநர் அயர்டன் சென்னா தன் சொந்த ஊரான சாவோ பாலோவில் ஓட்டினார். கடைசிச் சுற்றுகளில் கியர் பெட்டி கெட்டு, ஆறாவது கியர் மட்டும்தான் மிஞ்சியது. மெதுவான வளைவிலும் ஆறாவது கியர், கூடவே மழை. எப்படியோ ஜெயித்துவிட்டார். ஆனால் காரைவிட்டு இறங்க முடியவில்லை. தோள், கை தசை எல்லாம் பிடித்துக்கொண்டு, தூக்கித்தான் இறக்கினார்கள். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்க அவர் பட்ட பாடு இன்றும் வீடியோவில் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மே மாத மதியம், நின்றுபோன காரிலிருந்து ஒரு பையனை வெளியே எடுத்தோம். இருபது வயது இருக்கும். சின்ன ஃபார்முலா கார்தான், பந்தயமும் பத்துச் சுற்றுக்குள்தான். ஹெல்மெட்டைக் கழற்றப்போனான், தாடைக்குக் கீழே இருக்கும் வாரை விரலால் பிடிக்க முடியவில்லை. விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருந்தன. நான்தான் அவிழ்த்துவிட்டேன். ஹெல்மெட்டைத் தூக்கியதும் இட்லிக் குண்டான் மூடியைத் திறந்தது போல ஆவி அடித்தது. தண்ணீர் பாட்டிலை இரண்டு உள்ளங்கையாலும் சேர்த்துப் பிடித்துக் குடித்தான். இது விளையாட்டா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த விரல்கள்தான் ஞாபகம் வருகின்றன.

ஓடுவது இன்ஜின்தானே? கார் ஜெயிக்கிறது, மாலை மட்டும் மனிதனுக்கா?

இதைக் கேட்பவரிடம் நான் ரேக்ளாவைப் பற்றிக் கேட்பேன். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் என்று ரேக்ளா நடக்கும். ஓடுவது காளை. ஆனால் வண்டியில் நின்று ஓட்டுகிற சாரதியைத் தள்ளிவிட்டு வேறு ஒருவரை ஏற்றிப்பாருங்கள், அதே ஜோடி மாடு அதே நேரத்தில் வராது. ஊரில் யாரும் இதைச் சந்தேகப்படுவதில்லை. நல்ல மாடு வேண்டும், நல்ல சாரதியும் வேண்டும். கார் பந்தயமும் அதே கணக்குதான். ஒலிம்பிக் குதிரையேற்றத்திலும் தாண்டுவது குதிரை, பதக்கம் மனிதன் கழுத்தில்.

கணக்காகவே பார்க்கலாம். ஃபார்முலா ஒன்னில் ஒவ்வொரு அணிக்கும் இரண்டு கார், கிட்டத்தட்ட ஒரே மாதிரி. 2023-இல் ரெட் புல் அணி 22 பந்தயத்தில் 21-ஐ ஜெயித்தது. மற்ற எல்லாவற்றையும்விட நல்ல கார் அதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காரில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 19 வெற்றி, 575 புள்ளி. அதே காரில் செர்ஜியோ பெரெஸ் 2 வெற்றி, 285 புள்ளி. பெரெஸ் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை, அந்த ஆண்டு உலகத்திலேயே இரண்டாவதாக வந்தவர். பாதிக்குப் பாதி என்கிற அந்த வித்தியாசத்தை இன்ஜினின் கணக்கில் எழுத முடியாது.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. 2020 டிசம்பர், பஹ்ரைன். மெர்சிடிஸ் அணியின் லூயிஸ் ஹாமில்டனுக்குக் கொரோனா வந்துவிட்டது. அப்போது கடைசி வரிசையில் ஓடிக்கொண்டிருந்த வில்லியம்ஸ் அணியிலிருந்து ஜார்ஜ் ரசலைக் கடைசி நேரத்தில் கூப்பிட்டு மெர்சிடிஸ் காரில் உட்காரவைத்தார்கள். உயரமான பையன். அந்தக் காரின் பெடல் பகுதியில் அவர் கால் கொள்ளவில்லை என்று ஒரு சைஸ் சின்ன ஷூ போட்டுக்கொண்டு ஓட்டினார். தகுதிச் சுற்றில் 0.026 விநாடியில் முதலிடத்தைத் தவறவிட்டார். பந்தயம் ஆரம்பித்ததும் முதலிடத்தைப் பிடித்துப் பெரும்பகுதி முன்னால் ஓடினார். டயர் மாற்ற நிறுத்தும் இடமான பிட்டில் அணியினர் தவறான டயரை மாட்டிவிட்டார்கள், அப்புறம் ஒரு பஞ்சர், ஒன்பதாவதாக முடிந்தது. கார்தான் எல்லாம் என்பவர்கள் "பார், நல்ல கார் கிடைத்ததும் முன்னால் போய்விட்டான்" என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் எந்தக் காரில் இருந்தாலும் அவர் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார், அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

அப்படியானால் நல்ல கார் இல்லாதவன் நிலைமை?

பாவம்தான். இதை மழுப்பக் கூடாது. ஃபார்முலா ஒன்னில் திறமையான எத்தனையோ பேர் மோசமான காரில் காலத்தைக் கழித்திருக்கிறார்கள். அது ஓட்டுநர்களின் போட்டியோடு பொறியாளர்களின் போட்டியும் கூட. அதனால்தான் அணிகளுக்குத் தனிப் பட்டம், ஓட்டுநர்களுக்குத் தனிப் பட்டம் என்று வைத்திருக்கிறார்கள்.

ஓட்டுநரை மட்டும் பார்க்கவேண்டுமென்றால் எல்லோருக்கும் ஒரே கார் கொடுக்கிற பந்தயங்களைப் பாருங்கள். ஃபார்முலா 4 அப்படிப்பட்டது. நம் ஊரிலேயே இதற்கு நல்ல மரபு இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரரான கரிவர்தன் மாருதி 800-இன் இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கைக் கார்களைக் கட்டினார். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத எத்தனையோ பேர் அதில்தான் கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் உட்பட. 1995-இல் விமான விபத்தில் கரிவர்தன் இறந்துபோனார். கோவையில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. இந்தியாவில் கார் பந்தயத்துக்கு அவரைவிட அதிகம் செய்தவர் யாரும் இல்லை என்பது என் கட்சி.

இந்திய அரசே இது விளையாட்டு இல்லை என்று சொன்னதாமே?

ஆமாம், சொன்னது. 2009-இல், டெல்லிக்குப் பக்கத்தில் ஃபார்முலா ஒன் நடத்த ஏற்பாடு செய்தவர்கள் வெளிநாட்டுக்குக் கட்டணம் அனுப்ப அனுமதி கேட்டார்கள். விளையாட்டு அமைச்சகம் மறுத்தது. மனித முயற்சியால் மற்றவரை மிஞ்சும் போட்டி என்கிற இலக்கணத்துக்குள் இது வரவில்லை, இது வெறும் வணிகப் பொழுதுபோக்கு என்பது அவர்கள் வாதம். சில மாதம் கழித்து, 2010 குடியரசு தினத்தையொட்டி, அதே ஃபார்முலா ஒன்னை ஓட்டியதற்காக நரேன் கார்த்திகேயனுக்கு பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

பிறகு 2011 அக்டோபரில், டெல்லிக்குப் பக்கத்தில் கட்டிய புத் சர்க்யூட்டில் முதல் பந்தயம் நடந்தது. உத்தரப் பிரதேச அரசு கேளிக்கை வரி விலக்கு கொடுத்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார்கள். டிக்கெட் வருமானத்தில் 25 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. விளையாட்டா, கேளிக்கையா என்பது வெறும் திண்ணைப் பேச்சு இல்லை, கோடிக்கணக்கில் பணம் அதில் தொங்குகிறது என்று அப்போதுதான் பல பேருக்குப் புரிந்தது. 2011, 2012, 2013 என்று மூன்று ஆண்டு நடந்தது. மூன்றையும் செபாஸ்டியன் வெட்டல் ஜெயித்தார். அதோடு இந்தியாவில் ஃபார்முலா ஒன் நின்றுபோனது.

2019-இல், சாலையிலும் மண் பாதையிலும் நேரம் பார்த்து ஓட்டுகிற ராலி பந்தயத்தின் ஓட்டுநர் கௌரவ் கில்லுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. கார் பந்தயத்துக்குக் கிடைத்த முதல் அர்ஜுனா. அரசின் பழைய வாதத்துக்கு அரசே எழுதிய மறுப்பாக நான் அதை எடுத்துக்கொள்கிறேன். என் பார்வையில் 2009-இல் அமைச்சகம் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொண்டது. ஒரு நிகழ்ச்சி லாபத்துக்காக நடக்கிறதா என்பது ஒன்று. அங்கே நடப்பது விளையாட்டா என்பது வேறு. ஐபிஎல்லும் லாபத்துக்குத்தான் நடக்கிறது, அதற்காக பும்ரா வீசுவது யார்க்கர் இல்லை என்று ஆகிவிடாது.

ஒலிம்பிக்கில் ஏன் இல்லை?

இயந்திரத்தின் உந்துவிசையை முக்கியமாக நம்பியிருக்கும் போட்டிகள் கூடாது என்று ஒலிம்பிக் சாசனத்தில் வெகுகாலம் ஒரு விதி இருந்தது. அதற்கு முன்னால் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மோட்டார் படகுப் போட்டிக்குப் பதக்கமே கொடுத்திருக்கிறார்கள். உலகக் கார் பந்தயத்தை நடத்தும் எஃப்ஐஏ அமைப்பை 2013-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி முழுமையாக அங்கீகரித்தது. ஆனாலும் ஒலிம்பிக்கில் சேர்க்கவில்லை. கிரிக்கெட்டும் 1900-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை, 2028-இல்தான் திரும்ப வருகிறது. நடுவில் இருந்த காலமெல்லாம் சேப்பாக்கத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் நீங்களே பதில் சொல்வீர்கள்.

குதிரைப் பந்தயம் மாதிரி இதிலும் பணம் கட்டுவார்களா?

"பந்தயம்" என்ற சொல்லால் வந்த குழப்பம் இது. தமிழில் போட்டிக்கும் பந்தயம், பணம் வைப்பதற்கும் பந்தயம். ரேஸுக்குப் போகிறேன் என்று சொன்னாலே வீட்டில் கிண்டியை நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். என் பாட்டி பயந்தார். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவையிலோ பணம் கட்டும் ஜன்னல் எதுவும் கிடையாது. வந்து, பார்த்துவிட்டுப் போகலாம்.

அதுவும் போக, கிண்டி குதிரைப் பந்தயம் சம்பந்தமான வழக்கிலேயே 1996-இல் உச்ச நீதிமன்றம் அது திறமையைச் சார்ந்த போட்டி, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது.

ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வருவதில் பார்க்க என்ன இருக்கிறது?

எதைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் ஒன்றும் இல்லைதான். வளைவுக்கு முன்னால் ஒரு காரின் பிரேக் எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள். முன்னால் போகிறவர் வளைவுக்கு இன்னும் நூறு மீட்டர் என்று காட்டும் பலகையில் பிரேக் போடுகிறார், பின்னால் வருகிறவர் தொண்ணூறில் போடுகிறார். அடுத்த சுற்றில் எண்பத்தைந்து. மூன்றாவது சுற்றில் உள்பக்கமாக மூக்கை நுழைத்துவிடுவார். அந்தப் பத்துப் பதினைந்து மீட்டருக்காக அவர் மூன்று சுற்று காத்திருந்தார். நடுவில் டயர் சூடேறாமல் பார்த்துக்கொண்டார், முன்னால் போகிறவர் எங்கே தடுமாறுகிறார் என்று படித்துவைத்துக்கொண்டார். கபடியில் ரெய்டுக்குப் போனவன் கோட்டோரம் ஆடிக்கொண்டே யார் கால் அசைகிறது என்று பார்ப்பானே, அதே காத்திருப்பு.

அமெரிக்காவின் நாஸ்கரில் பல பந்தயங்கள் முட்டை வடிவ டிராக்கில் இடது பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும். டேட்டோனாவில் வளைவின் சரிவு 31 டிகிரி, அதில் நடந்து ஏறினாலே வழுக்கும். அங்கே நாற்பது கார் ஒன்றோடொன்று உரசும் தூரத்தில் முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும். எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை. ஆனால் சுலபம் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

இது தனிநபர் விளையாட்டா, அணி விளையாட்டா?

இரண்டும். 2023 கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் அணி நான்கு சக்கரத்தையும் 1.80 விநாடியில் மாற்றியது. "மாற்றியாச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் கார் போயிருக்கும். அந்த இருபது பேரும் உடற்பயிற்சி செய்கிறார்கள், நாள் தவறாமல் ஒத்திகை பார்க்கிறார்கள்.

நீண்டதூரப் பந்தயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு நடிகர் அஜித் குமார் தன் அணியோடு போயிருந்தார். பயிற்சியில் பெரிய விபத்து, கார் நொறுங்கியது. அதற்குப் பிறகு, இருபத்துநான்கு மணி நேரம் தாங்கவேண்டிய பந்தயத்தில் அணிக்குத் தன்னால் சுமை வரக்கூடாது என்று அணியின் காரை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, தான் இன்னொரு காரில் ஓட்டினார். அவருடைய அணி அதன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. தேசியக் கொடியைப் பிடித்துக்கொண்டு அவர் ஓடிவந்ததைத்தான் எல்லோரும் பகிர்ந்தார்கள். அந்த ஒதுங்கலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

உயிர் போகிற விஷயத்தை எப்படி விளையாட்டு என்று சொல்வது?

இந்தக் கேள்விக்கு வேகமாகப் பதில் சொல்ல எனக்கு வாய் வராது.

1994-இல் இத்தாலியின் இமோலாவில் ஏப்ரல் 30 அன்று ஓட்டுநர் ரோலண்ட் ராட்சன்பர்கர் இறந்தார், மறுநாள் சென்னா இறந்தார். 1955-இல் பிரான்ஸின் லெ மான்ஸில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். அதன்பின் சுவிட்சர்லாந்து பல பத்தாண்டுகள் கார் பந்தயத்தையே தடை செய்துவைத்தது. நம் இருங்காட்டுக்கோட்டையிலும் நடந்திருக்கிறது. 2023 ஜனவரியில் 59 வயது அனுபவசாலி ஒருவர் கார் பந்தய விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் இறந்தான். பதின்மூன்று வயதுப் பையனைப் பெரிய டிராக்கில் பெரிய பைக்கில் விடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. திறமை இருக்கிறது என்பது அதற்குப் பதில் ஆகாது.

ஆனால் ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் எதையாவது மாற்றியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஓட்டுநரின் தலைக்கு மேலே வளைந்திருக்கும் ஹேலோ என்ற டைட்டானியம் வளையம் 2018-இல் கட்டாயமானது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பலர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் ரோமைன் குரோஜானும் ஒருவர். 2020 நவம்பரில் பஹ்ரைனில் அவருடைய கார் இரும்புத் தடுப்பைக் கிழித்துக்கொண்டு நுழைந்து, இரண்டு துண்டாகித் தீப்பிடித்தது. ஹேலோ அந்தத் தடுப்பைத் தலைக்கு மேலே ஒதுக்கிவிட்டது. கிட்டத்தட்ட 28 விநாடி நெருப்புக்குள் இருந்துவிட்டு, தானே ஏறிக்குதித்து வந்தார். கை மட்டும் வெந்திருந்தது. ஒரு மார்ஷலாக அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அவர் எப்படி வந்தார் என்பதைவிட, தீயணைப்பு உருளையோடு முதலில் ஓடியவர் எங்கே நின்றார் என்றுதான் பார்ப்பேன்.

ஈ.சி.ஆர்.-இல் ராத்திரி பைக்கில் பறப்பதும் ரேஸ்தானே?

இல்லை. அது குற்றம். எதிரே பால் வண்டி வரும், நாய் குறுக்கே ஓடும், யாரோ ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். விதி இல்லாத, கொடி இல்லாத, ஆம்புலன்ஸ் இல்லாத இடத்தில் நடப்பதற்கும் இந்த விளையாட்டுக்கும் சம்பந்தமில்லை. வேகம் வேண்டுமென்றால் டிராக்குக்கு வாருங்கள்.

பெண்கள் ஓட்டுவார்களா?

ஓட்டுகிறார்கள், அதுவும் ஆண்களோடு ஒரே பந்தயத்தில். அப்படி நடக்கும் விளையாட்டுகள் மிகக் குறைவு. மிஷேல் மூட்டோன் 1981-இல் சான்ரெமோ ராலியை ஜெயித்தார், 1982-இல் உலக ராலி சாம்பியன்ஷிப்பில் இரண்டாவது. லெல்லா லொம்பார்டி 1975-இல் ஸ்பெயினில் ஃபார்முலா ஒன் புள்ளி வாங்கினார், பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டதால் அரைப் புள்ளி. அதன்பிறகு அங்கே ஒரு பெண்ணும் புள்ளி வாங்கவில்லை என்பது வருத்தமான விஷயம். சென்னையின் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் ஆண்களோடு மோதியவர்.

பணக்காரர்கள் விளையாட்டு, அவ்வளவுதானே?

இந்தக் குறையை நான் ஒத்துக்கொள்கிறேன். விளையாட்டே இல்லை என்று சொன்னால் சண்டைக்கு வருவேன். எல்லோருக்கும் திறந்த விளையாட்டு இல்லை என்று சொன்னால் தலையாட்டுவேன். ஒரு ரப்பர் பந்தும் தென்னை மட்டையும் இருந்தால் கிரிக்கெட் ஆரம்பித்துவிடலாம். சின்னஞ்சிறு பந்தய வண்டிகளில் ஆரம்பிக்கும் கார்ட்டிங்கில் ஒரு சீசன் ஒழுங்காக ஓட்டவே லட்சங்கள் வேண்டும், மேலே போகப்போகக் கோடிகள். ஒகானின் பெற்றோர் வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே குடியிருந்து மகனை ஓட்டவைத்தார்கள். ஹாமில்டனின் அப்பா ஒரே நேரத்தில் பல வேலை பார்த்தார். இவர்கள் வந்துசேர்ந்தவர்கள். வராமல் போனவர்கள் எத்தனை பேரோ.

நரேனுக்கு வீட்டிலேயே பின்னணி இருந்தது, அப்பாவே ராலி சாம்பியன். அவரைப் போலவே ஃபார்முலா ஒன் ஓட்டிய சென்னைப் பையன் கருண் சந்தோக்கின் குடும்பமும் ரேஸ் குடும்பம். அதற்காக அவர்கள் உழைப்பு குறைந்துவிடாது. 2005-இல் அமெரிக்க கிராண்ட் பிரீயில் நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி வாங்கினார். டயர் பிரச்சினையால் பல அணிகள் விலகி அன்று ஆறு கார்தான் ஓடியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் ஒரு மெக்கானிக் வீட்டுப் பையனோ பெண்ணோ அங்கே போய் நின்றால்தான் எனக்கு மனசு நிறையும்.

சென்னைக்கும் கார் பந்தயத்துக்கும் அப்படி என்ன ஒட்டு?

இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடந்தது. ஐம்பதுகளிலிருந்து அங்கே கார், பைக் பந்தயம் நடத்தினார்கள். வைக்கோல் கட்டும் பீப்பாயும் வைத்து வளைவு குறித்தார்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போனதாக அப்பா சொல்வார். 1990-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் போட்டது, நீளம் 3.7 கிலோமீட்டர். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கில் ஃபார்முலா 4 ஓடியது. பக்கத்திலேயே பெரிய அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன, இரைச்சல் நோயாளிகளைப் பாதிக்கும் என்று நீதிமன்றம் வரை போனார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. ரேஸ்மேல் எனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும், ஓடவேண்டிய இடம் டிராக்தான் என்று நினைக்கிறேன்.

நேரில் பார்க்க ஆசை. எப்படிப் போவது, எங்கே நிற்பது?

இருங்காட்டுக்கோட்டை டிராக், சென்னையிலிருந்து போனால் ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால், பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. தேசியப் போட்டி நடக்கும் சனி, ஞாயிறில் வாருங்கள். தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், குழந்தைகளை அழைத்துவந்தால் காதில் வைக்கப் பஞ்சு. எல்லோரும் முடிவுக் கோட்டுக்கு எதிரே இடம் பிடிப்பார்கள். அங்கே கார் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. நேர்ப் பாதை முடிந்து முதல் வளைவு ஆரம்பிக்கிற பக்கம், எங்கே அனுமதிக்கிறார்களோ அங்கே நில்லுங்கள். முதல் இரண்டு சுற்று சத்தம் மட்டும்தான் கேட்கும். மூன்றாவது சுற்றில் யார் முன்னால் பிரேக் போடுகிறார், யார் பின்னால் போடுகிறார் என்று காதுக்கே தெரிய ஆரம்பிக்கும். பந்தயம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். கார்கள் திரும்பிவந்து நிற்கும் இடத்துக்குப் போய், ஹெல்மெட்டைக் கழற்றுகிறவர்களின் கைகளைப் பாருங்கள்.